வீழ்ந்தோனும் விதியும்

எம் கல்லூரி அன்னையின் விழா மலருக்குக் கட்டுரையொன்று வேண்டுமென மலர்க் குழுவினர் எழுதியபோது, எதனைப் பற்றி எழுதுவதென்று பல நாள் தடுமாறினோம். எம்மோடு ஒரு வாங்கில் இருந்து பயின்றோருள் சிலர் வைத்தியராயினர்; சிலர் நியாயவாதிகளாயினர்; சிலர் இக்கல்லூரியிலேயே ஆசிரியராகிப் பல்லாயிரம் மாணாக்கரை உருவாக்கினர். அவர்களிடம் எழுதத்தக்க பொருள் நிறைய உண்டு. யாமோ அந்நிய நாடொன்றிலே பாலங்கள் தாங்கும் பாரத்தைக் கணக்கிட்டுக் காலங் கழித்தோம். பாலங்களைப் பற்றி எழுதின் படிப்பார் இரார். ஆதலின், எமது ஓய்வு நேரத்தைப் பல்லாண்டு விழுங்கிய மேசை விளையாட்டொன்றைப் பற்றி, அதிலும் அவ்விளையாட்டிலே ஒருவன் காயமுறுதற்கும் சாதற்கும் விதி செய்வது எங்ஙனம் என்பதைப் பற்றி எழுதத் துணிந்தோம். விழா மலரிலே சாவைப் பற்றிய பேச்சா என முகஞ் சுளிப்போர் சற்றே பொறுத்தருள்க. எமக்கு இவ்விடயத்திற் பாடம் புகட்டியது எம் கல்லூரிச் சாரணர் படையே என்பது போகப் போகப் புலனாகும்.

முதற்கண் இவ்விளையாட்டு இன்னதெனக் கூறுவாம். மேசையொன்றைச் சுற்றி நால்வர் அல்லது ஐவர் இருப்பர். ஒருவர் வாள்வீரர், ஒருவர் வில்லாளி, ஒருவர் வைத்தியர் என ஒவ்வொருவரும் ஒரு பாத்திரத்தைப் படைத்துக்கொள்வர். அப்பாத்திரத்தின் பெயர், ஊர், வலிமை, அறிவு ஆகியன ஒரு தாளில் எழுதப்படும். இன்னொருவர் நடுவராய் இருந்து, “முன்னே ஒரு குகை, உள்ளிருந்து புகை வருகிறது, என்ன செய்வீர்கள்?” என வினவுவார். அவரவர் தத்தம் பாத்திரம் செய்வதை வாயாற் சொல்வர். செயல் கைகூடுமோ கூடாதோ என்னும் ஐயம் எழும்போது பகடை உருட்டப்படும். தாயத்திலே காய் பழமாவது போன்ற முடிவு இதற்கு இல்லை. கதை வளர்வதே பயன். நாடகத்துக்கும் சதுரங்கத்துக்கும் பிறந்த பிள்ளை இது எனலாம்.

இவ்வகை விளையாட்டுக்களுள் முதன்முதல் விற்பனைக்கு வந்தது ‘டன்ஜன்ஸ் அன்ட் டிராகன்ஸ்’ என்பது. அமெரிக்க நாட்டின் விஸ்கொன்சின் மாநிலத்து லேக் ஜெனீவா என்னும் சிறு நகரில் வாழ்ந்த கரி கைகாக்ஸ் என்பாரும், மினசோட்டா மாநிலத்து டேவ் ஆர்னெசன் என்பாரும் ஆக்கிய அவ்விளையாட்டு 1974ஆம் ஆண்டு வெளிவந்தது. அதற்கு மூதாதையாய் நின்றவை போர் விளையாட்டுக்கள். பிரசிய நாட்டுப் படை அதிகாரியான றைஸ்விற்ஸ் என்பவர் 1824ஆம் ஆண்டிலேயே வரைபடம், பகடை, நடுவர் ஆகிய மூன்றையும் கொண்டு படை அதிகாரிகளைப் பயிற்றும் ஆட்டமொன்றை அச்சிட்டிருந்தார். அங்கே படைப்பிரிவுகளின் இழப்பு புள்ளிகளாற் கணக்கிடப்பட்டது. பின்னர் 1971ஆம் ஆண்டு, கைகாக்ஸ் வேறொருவரோடு சேர்ந்து எழுதிய ‘செயின்மெயில்’ என்னும் போர் விளையாட்டிலே, சாதாரண வீரனின் உருவம் ஓர் அடி பட்டதும் மேசையினின்று அகற்றப்படும். நூறு உருவங்களை நடத்துவோனுக்கு ஓர் உருவம் போவது பெரிதன்று.

ஆனால் ஆர்னெசன் தம் நண்பர்களைக் கூட்டி, ஒருவருக்கு ஒரே பாத்திரம் என்று ஆடத் தொடங்கியபோது நிலை மாறிற்று. தாம் பெயரிட்டு வளர்த்த பாத்திரம் ஓர் அடியிலே மடிவதை அந்நண்பர்கள் விரும்பவில்லை. ஆகவே அமெரிக்க உள்நாட்டுப் போர்க்காலத்து இரும்புக் கவசக் கப்பல்களுக்கெனத் தாம் முன்னர் எழுதியிருந்த விதிகளிலிருந்து ஒரு கணக்கை எடுத்து மனிதர்க்கு வைத்ததாக ஆர்னெசன் பிற்காலத்திற் கூறினார். அதனை யாம் உயிர்ப்புள்ளி என்று வழங்குவாம். ஒவ்வோர் அடிக்கும் சில புள்ளிகள் குறையும். புள்ளி யாவும் ஒழிந்தால் ஆள் ஒழிவான். பாத்திரத்தின் சாவு ஆட்டக்காரன் மனத்தைத் தொடுகிறது என்பதை உணர்ந்து செய்த முதல் மாற்றம் அதுவே.

எனினும் கப்பலுக்குச் செய்த கணக்கு மனிதனுக்கு முற்றும் பொருந்தவில்லை. இருபது புள்ளி உடையவனும், அடிபட்டு அடிபட்டு ஒரே புள்ளி எஞ்சியவனும் ஒருவாறே ஓடுவர். ஒருவாறே வாள் வீசுவர். இறுதிப் புள்ளி போன மாத்திரத்திலே முன்னறிவிப்பின்றி வீழ்வர். காயம் என்பதே அங்கில்லை. உயிரும் சாவுமே உண்டு. அன்றியும், 1974ஆம் ஆண்டு விதியிலே மந்திரவாதியாகத் தொடங்குவோனின் உயிர்ப்புள்ளி ஆறு முகப் பகடை ஒன்றை உருட்டி வரும் எண்ணேயாகும். அவன்மேற் படும் அடியின் அளவும் அவ்வாறே ஆறு முகப் பகடை ஒன்றின் எண். இரு பகடைகளுக்கும் கூடி 36 நிலைகள் உள. அவற்றுள் 21இல் அடி புள்ளிக்குச் சமனாகவோ மிகுந்தோ வரும். அஃதாவது, முதல் அடியிலேயே அவன் இறப்பதற்குரிய வாய்ப்பு பாதிக்கும் மேல். இக்கணக்கை எமக்குச் செய்யக் கற்பித்த எம் கல்லூரிக் கணித ஆசிரியர், தாம் கற்பித்தது இங்ஙனம் மந்திரவாதிகளை எண்ணப் பயன்படும் என நினைத்திரார்.

பின்வந்தோர் இக்குறையைப் பலவாறு தீர்க்க முயன்றனர். 1977இல் வெளிவந்த ‘டிராவலர்’ என்னும் விளையாட்டிலே, அடி நேரே வலிமை, சுறுசுறுப்பு, தாங்குந்திறன் ஆகியவற்றைக் குறைக்கும். ஆகவே அடிபட்டவன் மெலிவான். 1978இல் வெளிவந்த ‘ரூன்குவெஸ்ட்’டிலே, அடி தலையிற் பட்டதா, காலிற் பட்டதா, வயிற்றிற் பட்டதா என்பதைப் பகடை சொல்லும். 1981இல் வந்த ‘கோல் ஒஃப் கதுலு’விலோ, உடம்பு முழுதாயிருக்கவும் சித்தம் கலங்கி ஒருவன் ஒழிந்துபோகலாம். இவற்றுள் ஒவ்வொன்றும் ஒரு கொள்கையைச் சொல்லாமற் சொல்லுகின்றது. காலிலே காயம் எழுதும் விதியுள்ள மேசையில் எவரும் எளிதில் வாளை உருவார். புள்ளி மட்டும் எண்ணும் மேசையிலோ வாளே முதற்பேச்சு. விதி எவ்வழி, ஆட்டக்காரர் அவ்வழி.

யாம் 1985ஆம் ஆண்டு இங்கிலாந்தின் வடபகுதியிலுள்ள பல்கலைக்கழகமொன்றிற் பொறியியல் பயிலச் சென்றோம். அங்கே விடுதித் தோழர் சிலர் வெள்ளி இரவுகளில் இவ்விளையாட்டை ஆடுவர். முதலில் இது சிறுபிள்ளை வேலை என நகைத்தோம். ஊரிலிருந்து கடிதம் வராத வாரங்களில், தனியே அறையில் இருப்பதற்கு அஞ்சி அவர்களோடு போய் இருக்கத் தலைப்பட்டோம். அக்காலத்தில் எம்மவர் பலர்க்கு உறக்கம் அரிதாயிருந்தது; அதனை விரிக்க வேண்டியதில்லை. நான்கு மணிநேரம் வேறொரு நாட்டின் வேறொரு துன்பத்தைப் பற்றிக் கவலைப்படுவது எமக்கு ஆறுதலாயிருந்தது என்பது மாத்திரம் உண்மை.

பதினோராண்டு சென்றபின், 1996இலே, இலண்டன் மாநகரின் புறத்தே எமக்கொரு வீடும், அவ்வீட்டில் ஒரு பெரிய மேசையும் இருந்தன. சனிக்கிழமைத் தமிழ்ப் பாடசாலை முடிந்ததும் எம் மகனும் அவன் தோழரும், பதினொன்றுக்கும் பதினான்குக்கும் இடைப்பட்ட வயதினர் ஐவர், எம் வீட்டிற் கூடுவர். மனைவியார் உழுந்து வடையும் தேநீரும் வைப்பார். யாம் நடுவராக இருந்து அவர்களுக்கு இவ்விளையாட்டைத் தமிழிலே நடத்தினோம். விதிகளையும் யாமே சுருக்கித் தமிழில் எழுதினோம். சாவுக்குரிய விதியை மட்டும் பழையபடியே வைத்தோம்: புள்ளி ஒழிந்தால் ஆள் ஒழிந்தான். பொறியியலாளர் மனத்துக்கு அதன் சுருக்கம் பிடித்திருந்தது.

அவ்வைவருள் ஒருவன் ஊரிலிருந்து தாயாரோடு வந்து ஓராண்டும் நிறையாதவன். அதிகம் பேசான். இரண்டு வாரமாகத் தன் வில்லாளியைத் தாளிலே படைத்துக்கொண்டிருந்தான். வில்லாளியின் ஊர், குடும்பம், குதிரையின் நிறம் எல்லாம் எழுதிப் படமும் வரைந்திருந்தான். ஆட்டம் தொடங்கி அரைமணி ஆகவில்லை. புதரிலிருந்து ஈட்டியொன்று வந்தது. பகடையில் ஐந்து விழுந்தது. வில்லாளியின் புள்ளி நான்கு. “இறந்தான்” என்றோம். அடுத்தவன் முறை வந்தது, ஆட்டம் நடந்தது. சிறிது நேரஞ் சென்று பார்த்தபோது, பையன் மேசையில் இல்லை. மாடிப்படியிலே போய் இருந்தான். இன்னொரு வில்லாளியைப் படைக்கலாம் வா தம்பி என அழைத்தோம். அவன் தாளை மடித்தபடி, “ஒருத்தரும் கிட்ட வரேல்லை, மாமா” என்றான்.

யாம் அதற்கு விதியை விளக்கினோம். ஒருவரும் கிட்ட வருவதற்கு நேரம் இருக்கவில்லை, புள்ளி ஒழிந்தவுடன் சாவு என்பதே விதி என்றோம். அவன் தலையசைத்தான். அவனுடைய தமையன் முந்திய ஆண்டு ஊரிலே போரில் இறந்தவன் என்பதை அன்றிரவே மனைவியார் வாயிலாக அறிந்தோம். அறியாமற் செய்த பிழை எனினும் பிழை எம்முடையதே. அன்று தொடங்கி, ஒரு விதி என்ன செய்கின்றது என்பதை அதன் சுருக்கத்தைக் கொண்டு அளப்பதை விட்டோம்.

அடுத்த சனிக்கிழமை முதல், பகடையைப் புத்தகமொன்றின் பின்னே மறைத்து உருட்டி, ஐந்து விழுந்தால் இரண்டு என்று சொல்லத் தொடங்கினோம். இது நடுவர் பலர் செய்யும் வேலை. இரண்டே வாரத்திற் பிள்ளைகள் கண்டுகொண்டனர். எம் முகத்தைப் பார்த்தே சொல்வர். அதன்பின் எம் சொல்லை எதிலும் நம்பவில்லை. நல்ல எண் விழுந்தபோதும் நம்பவில்லை. ஆகவே பொய்யை விட்டுச் சாவையே விதியிலிருந்து எடுத்தோம்: புள்ளி ஒழிந்தவன் மயங்கி விழுவான், சண்டை முடிந்ததும் எழுவான்.

இவ்வாறான விதி பொருந்தும் விளையாட்டுக்களும் உண்டு. 1984இல் வெளிவந்த ‘டூன்’ என்பது சித்திரப் படங்களின் போக்கிலே ஆடப்படுவது. அங்கே மலை தலையில் விழுந்தாலும் ஆள் மூன்று நிமிடத்தில் எழுந்து வருவான். அதே ஆண்டு வந்த ‘பரனோயா’விலே ஒவ்வொருவருக்கும் மாற்றுடல்கள் காத்திருக்கும், ஒன்று போனால் அடுத்தது வரும். நகைச்சுவைக்கு அது தகும். எம் மேசையிலோ நகைச்சுவை நடக்கவில்லை. பிள்ளைகள் பகைவரைக் கண்டு ஒளிவதை விட்டனர். வைத்தியனாய் ஆடியவன் சோர்ந்து கொட்டாவி விட்டான். ஒரு நாள் எம் மகன் பாத்திரம் பாழ்ங்கிணற்றில் விழுந்தது. ஒருவரும் எட்டிப் பார்க்கவில்லை. ஏனென்று கேட்டோம். வில்லாளியை இழந்த அதே பையன், “ஓடிப்போய் என்ன, மாமா? அவன் தானாய் எழும்புவான்தானே” என்றான். முதல் விதியிலே கிட்ட வர நேரமில்லை. இரண்டாம் விதியிலே கிட்ட வரக் காரணமில்லை. இரண்டிலும் வீழ்ந்தவன் தனியே கிடந்தான்.

இங்ஙனம் இருக்கையில், 1997இலே, எம் கல்லூரித் தோழன் ஒருவன் கனடா நாட்டுக்குச் செல்லும் வழியில் எம் வீட்டில் இரண்டு நாள் தங்கினான். அவன் ஒரு காலைச் சற்றே இழுத்து நடப்பவன். மாடிப்படியில் ஏறும்போது பிள்ளைகள் கண்டு காரணங் கேட்டனர். அவன் அவர்களோடு மேசையிலிருந்து சொன்ன கதை, யாமும் உடனிருந்த கதையே.

யாம் ஒன்பதாம் வகுப்பிற் பயின்ற காலம். எம் சாரணர் படை காரைநகர்க் கடற்கரையருகே பாசறை அமைத்திருந்தது. விடியற்காலையில் தண்ணீர் அள்ளப் போன இத்தோழன் நனைந்த கிணற்றுக்கட்டில் வழுக்கிக் கற்களின்மேல் விழுந்தான். கால் முறிந்தது. சாரண ஆசிரியர் வந்து பார்த்துவிட்டு, கூடி நின்ற எம்மை வேடிக்கை பார்க்க விடாமல் ஒவ்வொருவருக்கும் ஒரு வேலை கொடுத்தார். ஒருவன் தெருவுக்கு ஓடி வாகனம் மறிக்க வேண்டும். கழுத்துப்பட்டிகளால் முறிந்த காலைத் தடியோடு சேர்த்துக் கட்ட வேண்டும். இரண்டு சாரணத் தடிகளை மூன்று சட்டைகளின் கைகளினூடே செலுத்திப் பொத்தான்களைப் பூட்டினால் தூக்குப்படுக்கை ஆகும். நால்வர் தூக்க, ஒருவன் அவன் கையைப் பிடித்தபடி பேசிக்கொண்டே வரவேண்டும். யாம் கால்மாட்டின் இடப்பக்கத்தைப் பிடித்தோம். மணலிலே ஒரு மைல் தூரம் இருக்கும். இரண்டு முறை இறக்கி வைத்து ஏந்தினோம்.

தோழன் பிள்ளைகளுக்கு வலியைப் பற்றி அதிகம் சொல்லவில்லை. எந்த ஆசுபத்திரியில் எத்தனை நாள் கிடந்தான் என்பதும் அவனுக்குத் திட்டமாய் நினைவில்லை. தலைமாட்டின் வலப்பக்கம் இன்னான், இடப்பக்கம் இன்னான், கால்மாட்டில் இன்னார் இருவர், கையைப் பிடித்தவன் இன்னான், ஓடியவன் இன்னான் என அறுவர் பெயரையும் அடுக்கினான். பதினெட்டு ஆண்டுக்குப் பின்னும் ஒன்று பிசகவில்லை. வில்லாளிப் பையன் கண் இமையாது கேட்டிருந்தான். அன்றிரவு தோழன் உறங்கியபின் யாம் மேசையில் இருந்து மூன்றாம் விதியை எழுதினோம். அது வருமாறு:

உயிர்ப்புள்ளி ஒழிந்தவன் இறவான், வீழ்வான். அவன் தாளின்மேல் மூன்று கற்கள் வைக்கப்படும். ஒவ்வொரு சுற்றும் முடிய ஒரு கல் எடுக்கப்படும். கல் உள்ளவரை தோழருள் எவரும் அவனிடம் வரலாம். வருபவன் தன் முறையை இழப்பான். பகைவன் அவன்மேல் ஓரடி வீசவும் இடமுண்டு. வந்து சேர்ந்துவிட்டால் வீழ்ந்தவன் பிழைப்பான். ஆனால் முன்போல் எழான். ஆறு முகப் பகடை உருட்டி, கை, கால், விலா, கண், செவி, விரல் என்பவற்றுள் ஒன்றிற் காயம் எழுதப்படும். அது கதையிலே ஒரு பருவம் கழியும்வரை இருக்கும்; ஆறினும் வடு நிற்கும். காயத்தின் அருகே, வந்து தூக்கியவன் பெயரை வீழ்ந்தவனே தன் கையால் எழுதவேண்டும். மூன்று வடுப் பெற்றவன் விரும்பின் போர்த்தொழிலை விட்டு ஊரிலே ஆசானாகலாம். கல் மூன்றும் ஒழிந்தால் சாவு. அதனை எவரும் மாற்றலாகாது. பகடையும் யாவரும் காணவே உருட்டப்படும். இறப்பவன் ஒரு வார்த்தையோ ஒரு செயலோ செய்யலாம். அது கதையிற் பலித்தே தீரும். அன்றிரவே அவனுக்குப் புதிய பாத்திரம் உண்டு. அப்பாத்திரம் இறந்தவனை அறிந்த ஒருவராயிருத்தல் வேண்டும்.

கல் ஏன் மூன்று என்பதற்கு நூல் ஆதாரம் எம்மிடம் இல்லை. ஆடிப் பார்த்த அனுபவமே ஆதாரம். ஒரு கல் வைத்தபோது எவராலும் வந்து சேர முடியவில்லை. ஐந்து வைத்தபோது எவரும் அவசரப்படவில்லை. சண்டையை முடித்துக்கொண்டு ஆறுதலாக வந்தனர். மூன்று வைத்தபோதுதான் ஒவ்வொருவனும் கையிலுள்ள வேலையை நோக்கி, வீழ்ந்தவனை நோக்கி, இதை விட்டு அதற்குப் போவதா என எண்ணினான். நம் வீட்டுப் பாட்டிமார் சொன்ன இராமாயணக் கதையிலும், இலக்குவன் வீழ்ந்து கிடக்க, பொழுது விடியுமுன் மருந்து வரவேண்டும் என்று ஒரு கெடு உண்டு. கெடு இல்லையேல் அநுமன் மலையையே பெயர்த்து வருவானேன்? மூலிகையை நின்று ஆராய்ந்து பறித்திருப்பான் அல்லனோ?

விதியின் சோதனை இரண்டு மாதத்தில் வந்தது. பஞ்சத்தில் அடைபட்ட ஊருக்குத் தானிய மூட்டைகளோடு ஐவரும் ஒரு தொங்கு பாலத்தைக் கடக்கின்றனர். பாலம் என்பதால் அதன் கயிறு தாங்கும் பாரத்தை யாம் உண்மையாகவே கணக்கிட்டிருந்தோம் என்பதைச் சொல்ல வெட்கமில்லை. பகைவர் இருபுறமும் மறித்தனர். ஒரே சுற்றில் இருவர் வீழ்ந்தனர்: இக்கரையில் எம் மகனின் வாள்வீரன், பாலத்தின் நடுவே, ஐவருள் இளையவனான பதினொரு வயதுப் பிள்ளையின் பாத்திரம். இரு தாள்களிலும் மும்மூன்று கற்கள். வில்லாளியை இழந்த பையன் இப்போது வைத்தியனாய் ஆடிக்கொண்டிருந்தான். முதலிற் பக்கத்தில் இருந்த வாள்வீரனிடம் போனான், அவனைக் காத்தான். பின் பாலத்தில் ஏறினான். ஈட்டியடி ஒன்றையும் தாங்கினான். இன்னும் ஒரு சுற்றுத் தூரம் இருக்கையில் மூன்றாம் கல் போயிற்று.

மேசையில் ஓசையில்லை. யாம் விதியை மாற்ற வாய் திறந்தோம்; திறந்து மூடினோம். இளையவன் தன் இறுதிச் செயலைச் சொன்னான்: தன் பாத்திரம் பின்கயிற்றை வாளால் அறுக்கிறது, பாலத்தின் பின்பாதி பகைவரோடு வீழ்கிறது, முன்பாதியில் நின்ற வைத்தியனும் மூட்டைகளும் அக்கரை சேர்கின்றன. விதிப்படி அது பலித்தது. வைத்தியனாய் ஆடிய பையன் எழுந்து மேசையைச் சுற்றி வந்து, “நான் வர வெளிக்கிட்டனான்; அதுக்குள்ளை கல் முடிஞ்சு போச்சு” என்றான். இளையவன், “தெரியும். கண்டனான்” என்றான். பின் வடையை எடுத்துக் கடித்துக்கொண்டு, இறந்தவனின் தங்கையைப் புதிய பாத்திரமாக எழுதத் தொடங்கினான். எவனும் மாடிப்படிக்குப் போகவில்லை.

யாம் அன்று விளங்கிக்கொண்டது இதுவே. விளையாட்டிலே சாவுக்கு விதி செய்பவன், சாவு எத்தனை கடினம் என்பதைப் பற்றியே நெடுநேரம் எண்ணுகின்றான். புள்ளியைக் கூட்டுவதா குறைப்பதா எனக் கணக்கிடுகின்றான். அவன் எண்ண வேண்டியது உடனிருப்போரைப் பற்றி. ஒருவன் வீழ்ந்த பின்னும் ஏனையோருக்கு அவன்பாற் செய்ய ஒன்று இருத்தல் வேண்டும். அதற்கு ஒரு விலை இருத்தல் வேண்டும். செய்தது அழியாதிருக்க ஓரிடம் வேண்டும். இம்மூன்றும் இருந்தால், பாத்திரம் இறந்தாலும் பிள்ளை மேசையை விட்டுப் போகான்.

பெரிய விளையாட்டுக்களும் இவ்வழியைத் தேடியே வந்துள்ளன. கைகாக்ஸ் 1979இல் வெளியிட்ட நடுவர் நூலிலே, புள்ளி ஒழிந்தவன் சுற்றுக்கு ஒன்றாய் மேலும் புள்ளி இழந்து, பூச்சியத்துக்குக் கீழ்ப் பத்தை அடைந்தாலே இறப்பான். அதற்கிடையில் எவரேனும் காக்கலாம். அவ்விளையாட்டின் 2014ஆம் ஆண்டுப் பதிப்பிலே, வீழ்ந்தவன் இருபது முகப் பகடையை உருட்டிக்கொண்டிருப்பான்; மூன்று முறை தவறுமுன் மூன்று முறை பத்தோ அதற்கு மேலோ விழுந்தால் உயிர் நிலைக்கும். எவரும் உதவாவிடின் அவன் இறக்கும் வாய்ப்பு ஏறத்தாழ நூற்றுக்கு நாற்பது என்பது எம் கணக்கு. நல்ல விதியே. எனினும் அங்கே காப்பாற்றப்பட்டவன் ஒரு மந்திரத்தால் அடுத்த கணமே எழுந்து, ஒரு வடுவுமின்றி வாள் வீசலாம். 2017இல் வெளிவந்த ‘பிளேட்ஸ் இன் த டார்க்’கிலோ காயம் எண்ணாலன்றிச் சொல்லால் எழுதப்படும், மனவடு நான்கு சேர்ந்தவன் தொழிலை விட்டு விலகுவான். அதைக் கண்டபோது எம் மேசையின் சிறு விதிக்குத் தொலைவிலே ஓர் உறவு கிடைத்ததாக மகிழ்ந்தோம். அங்கும் காயத்தின் அருகே தூக்கியவன் பெயர் எழுதும் வழக்கம் இல்லை. அது காரைநகர் மணலிலே யாம் கற்றது.

வில்லாளிப் பையன் இன்று நடுவயதினன்; இரு பிள்ளைகளுக்குத் தந்தை. சென்ற ஆண்டு அவன் வீட்டுக்குச் சென்றபோது, மேசையில் தன் பிள்ளைகளையும் அயல் வீட்டுப் பிள்ளைகளையும் வைத்து ஆட்டம் நடத்திக்கொண்டிருந்தான். எம் பழைய விதித்தாளின் படியொன்று தேநீர்க் கறையோடு கிடந்தது. எடுத்துப் பார்த்தோம். மூன்று என்பதை வெட்டி நான்கு என்று எழுதியிருந்தான். மூன்றை ஆடிப் பார்த்தல்லவோ கண்டோம், ஏன் மாற்றினாய் தம்பி எனக் கேட்டோம்.

“இவை சின்னப் பிள்ளையள், மாமா. எழும்பி வாறதுக்குக் கொஞ்சம் நேரம் குடுக்க வேணும்” என்றான்.

சரியான திருத்தம் என ஒப்புக்கொண்டோம். எம்மைத் தடியும் சட்டையும் கொண்டு ஒரு தோழனைத் தூக்கப் பழக்கிய கல்லூரி அன்னை நீடு வாழ்க.